கொடியும் போர்க்கப்பலும் வரையும் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் சனிக்கிழமை காலையில் ஓவியம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். சிலர் இன்னும் ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், சிலர் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்துவிட்டு டவுன் பக்கம் வந்த குடும்பங்கள். ஜூலை கடைசியில் மெர்டேக்கா (சுதந்திர தின) ஓவியப் போட்டி அறிவிப்பு வந்துவிட்டால் பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதெல்லாம் கொடி, போர்க்கப்பல், நாட்டுப் பெருமை பற்றித்தான். அவசரத்தில் பதில் சொன்னால் பாதி விடுபட்டுப் போகிறது. அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நாட்டுப்பற்று என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் ஏன் நேராகக் கொடிக்கும் கப்பலுக்கும் போய்விடுகிறார்கள், டீச்சர்?

அதில் தப்பே இல்லை. பேர் பெற்ற ஓவியர்களும் அங்கேதான் போனார்கள். நாட்டை மொத்தமாக ஒரு தாளில் அடைக்க முடியாது, ஒரு துணியை அடைக்கலாம், ஒரு கப்பலை அடைக்கலாம். அதிலும் கப்பலுக்குப் பெயர் உண்டு, அது தண்ணீரில் இறங்கிய நாள் உண்டு, ஒரு நாள் சாவும் உண்டு. அதனால் மக்கள் அதை ஓர் ஆளாகவே நினைத்துவிடுகிறார்கள்.

அரசர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுவீடனில் வாசா என்று ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். 64 பீரங்கி, உடம்பெல்லாம் மரச் சிற்பம், அதில் சிங்கங்கள், ரோமானிய மன்னர்கள், எதிரியான போலந்துப் பிரபு ஒருவன் பெஞ்சுக்கு அடியில் குனிந்து கிடப்பது போல ஒரு பொம்மை கூட, எல்லாம் பளிச்சென்று வண்ணம் அடித்தது. 1628இல் முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர்தான் போனது. மேல்பாரம் அதிகம், காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் சாய்ந்து, பீரங்கிக்காகத் திறந்திருந்த ஜன்னல்கள் வழியே தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. 1961இல்தான் மேலே எடுத்தார்கள், இப்போது ஸ்டாக்ஹோமில் ஓர் அருங்காட்சியகமே அதற்காக இருக்கிறது. பெருமையைச் செதுக்கியவர்கள் அந்தக் கப்பலில் ஒரு குறையும் வைக்கவில்லை, எடைக் கணக்குத்தான் தப்பாகிவிட்டது.

நம் பக்கம் இன்னும் பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். கோயில் வாசலில் கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் நட்ட கொடி, கள் விற்கும் வீட்டில் கொடி, அப்புறம் துறைமுகத்தில் கட்டுத்தறியை அசைக்கும் யானை போல ஆடி நிற்கும் நாவாய்களின் பாய்மரத்தில் கொடி. கள்ளுக்கடைக்காரனுக்கும் ஒரு கொடி இருந்திருக்கிறது பாருங்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கொடியின் கீழே யார் இருக்கிறார்கள் என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது. வகுப்பிலும் கொடி வரையும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கீழே யார் நிற்கிறார்கள்?

நம் மலேசியக் கொடி ஜாலுர் கெமிலாங்கில் கோடு எண்ணிக்கை எப்போதும் தவறிப்போகிறது. சுலபமான வழி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கோடு மொத்தம் 14, மேலே சிவப்பில் தொடங்கிக் கீழே வெள்ளையில் முடியும். நீலக் கட்டம் மேலிருந்து எட்டுக் கோடு இறங்கும், அதற்கு அடியில் ஆறு கோடு கொடியின் முழு நீளத்துக்கு ஓடும். ஆக நீலத்தை ஒட்டி அடியில் வருவது ஒன்பதாவது கோடு, அது சிவப்பு. நீலத்துக்கு அடியில் வெள்ளை வந்துவிட்டால் எங்கேயோ எண்ணிக்கை பிசகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். அகலம் ஒரு பங்கு என்றால் நீளம் இரண்டு பங்கு. அதனால் அகலத்தை 14 சென்டிமீட்டர் எடுங்கள், நீளம் 28. கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர், நீலக் கட்டம் 8 சென்டிமீட்டர் இறங்கும், கணக்கு முடிந்தது. நட்சத்திரத்துக்கு 14 முனை. பிறையின் வாய் நட்சத்திரத்தைப் பார்த்து, கொடிக்கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் திறந்திருக்கும்.

இதை வரைந்தவர் முகமட் ஹம்சா, ஜொகூர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர், அப்போது அவருக்கு 29 வயது. 1949இல் நடந்த போட்டிக்கு 373 வடிவங்கள் வந்தன. கடைசி மூன்றிலிருந்து மக்கள் கருத்துக் கேட்டு அவருடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் நட்சத்திரத்துக்கு ஐந்து முனைதான், பிறகு 11 ஆக்கினார்கள். 1950 மே 26 அன்று முதல் முறை ஏற்றியபோது கோடும் 11. மலேசியா உருவான 1963இல் இரண்டும் 14 ஆயின. ஜாலுர் கெமிலாங் என்ற பெயர் 1997இல் வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: நம் நாட்டுக் கொடியே ஓர் ஓவியப் போட்டியில் பிறந்ததுதான்.

சின்னப் பிள்ளை, கொஞ்சம் தப்பாக வரைந்தால் என்ன?

வகுப்பில் தப்பினால் ஒன்றும் இல்லை, திருத்திக்கொள்ளலாம். வெளியே வைக்கிற படம் என்றால் கவனம் வேண்டும். 2025 ஏப்ரலில் ஒரு நாளிதழின் முதல் பக்க ஓவியத்தில் கொடியில் பிறை விடுபட்டு, பெரிய பிரச்சினையாகி, மன்னிப்புக் கேட்டார்கள். நாலு பேர் பார்த்து அனுப்பிய பக்கத்திலேயே அப்படி நடக்கிறது.

இன்னொரு வகைத் தப்பும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைப் படகில் கடக்கும் பெரிய ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். இமானுவேல் லொய்ட்சா 1851இல் வரைந்தது, நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகில் பறப்பது நட்சத்திரமும் கோடும் போட்ட அமெரிக்கக் கொடி. ஆனால் ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர், அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டதோ 1777 ஜூன். இல்லாத கொடியை ஓவியர் தெரிந்தே வைத்தாரா இல்லையா என்று வாதம் செய்வதைவிட, அந்த ஒரு துணி இல்லாவிட்டால் படகில் குளிரில் நடுங்கும் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கொடி என்ன வேலை செய்கிறது என்று அப்போது புரியும்.

கப்பலில் கொடி எந்தப் பக்கம் பறக்க வேண்டும்?

நல்ல கேள்வி, இதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் நம் பிள்ளைகள் பார்ப்பது மோட்டார் சைக்கிளில் கட்டிய கொடி. வண்டி முன்னால் போக, கொடி பின்னால் படபடக்கும். அதையே பாய்மரக் கப்பலுக்கும் வரைந்துவிடுகிறார்கள். பாய்மரக் கப்பல் காற்று தள்ளிப் போகிறது. காற்று பின்னாலிருந்து அடித்தால் கப்பலைவிடக் காற்றுக்கு வேகம் அதிகம், ஆகவே கொடி முன்பக்கமாகத்தான் பறக்கும். பாய் வலப்பக்கம் உப்பியிருக்க, கொடி இடப்பக்கம் பறந்தால் கடல் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். எஞ்சின் ஓடும் கப்பல் வேகமாகப் போகும்போது மட்டும் மோட்டார் சைக்கிள் கணக்கு ஓரளவு பொருந்தும். புகை வரைந்தால் புகையும் கொடியும் ஒரே திசையில் போகட்டும்.

வகுப்பில் ஒரு நாள் மேசை விசிறி வைத்து, ஐஸ்கிரீம் குச்சியில் துணித் துண்டு கட்டி, அட்டைக் கப்பலை நகர்த்திக் காட்டினேன். அன்றிலிருந்து எந்தப் பையனும் இதில் தவறவில்லை.

நம் கடற்படைக் கப்பலின் பின்பக்கம் பறப்பது வேறு கொடி. வெள்ளைத் துணி, மேல் மூலையில் ஜாலுர் கெமிலாங், மறுபக்கம் நீல நிறத்தில் நங்கூரமும் குறுக்காக இரண்டு கிரிஸ் கத்தியும். லூமுட் கடற்படைத் தளத்துக் கப்பல்களை வரையும் பிள்ளைகள் இதைக் கவனித்தால் போதும், படத்துக்குத் தனி எடுப்பு வந்துவிடும்.

பெருமையைக் காட்ட கப்பல் புதுசாக, பீரங்கியோடு, வெற்றி பெறுகிற மாதிரிதான் இருக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் மிகவும் நேசிக்கும் கப்பல் படம், உடைக்கப் போகிற ஒரு கிழட்டுக் கப்பலின் படம். டெமரேர் என்ற 98 பீரங்கிக் கப்பல் 1805இல் பிரிட்டன் வென்ற டிரஃபால்கர் கடற்போரில் இருந்தது. பழைய மரத்துக்காக விற்றுவிட்டு, 1838 செப்டம்பரில் தேம்ஸ் நதி வழியே இழுத்துக்கொண்டு போனார்கள். டர்னர் அதை வரைந்து 1839இல் காட்சிக்கு வைத்தார். படத்தில் வெளிறிப்போன பெரிய கப்பல் ஆவி போல வருகிறது, முன்னால் கறுப்பாக, குட்டையாக ஒரு நீராவிப் படகு புகை கக்கிக்கொண்டு இழுக்கிறது, வலப்பக்கம் சூரியன் இறங்குகிறது. உண்மையில் அன்று கப்பலில் பாய்மரங்கள் இல்லை, கழற்றிவிட்டார்கள். இழுத்தவையும் இரண்டு படகுகள். டர்னர் மரங்களைத் திருப்பி நட்டார், ஒரு படகை எடுத்துவிட்டார். கொடி எங்கே என்று தேடிப் பாருங்கள். கப்பலில் நாட்டுக்கொடி இல்லை, இழுக்கும் படகில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. இல்லாத கொடியால் நெஞ்சைப் பிசைகிறார் மனிதர். கடைசிவரை அந்தப் படத்தை அவர் விற்கவில்லை. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, இப்போது அவர்களுடைய 20 பவுன் நோட்டிலும் இருக்கிறது.

பால் வற்றி வெட்டப் போகும் கித்தா (ரப்பர்) மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. செம்பனை நடுவதற்காகப் பழைய மரங்களைச் சாய்த்த நாட்களில் எங்கள் அப்பா வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

இந்த ஓவியர்கள் சண்டையை நேரில் பார்த்தார்களா?

சிலர் பார்த்தார்கள். ஹாலந்தைச் சேர்ந்த மூத்த வில்லெம் வான் டி வெல்டே சின்னப் படகில் சண்டை நடக்கும் இடத்துக்கே போய்ப் பேனாவால் வரைந்துகொண்டு வருவார், சில படங்களில் அந்தப் படகையும் தன்னையும் கூட வைத்திருக்கிறார். மகனுக்கும் அதே பெயர், வண்ணம் தீட்டுவதில் கெட்டிக்காரர். இரண்டு பேரும் 1672, 73 வாக்கில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள், ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் கடற்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே. மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் ஆளுக்கு வருடம் 100 பவுன் சம்பளம் போட்டுக் கொடுத்தார். அதே கை, நேற்று ஹாலந்தின் கொடி, இன்று இங்கிலாந்தின் கொடி. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் கப்பல் படம் பார்க்கும்போது, யார் காசு கொடுத்து வரையச் சொன்னார்கள் என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது.

மலாயா என்ற பெயரிலேயே ஒரு போர்க்கப்பல் இருந்ததாமே, உண்மையா?

உண்மை. இதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று நான் ரொம்ப ஆசைப்படுகிறேன்.

எச்எம்எஸ் மலாயா. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்தான், ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேர்ந்த கூட்டு மலாய் மாநில அரசாங்கம். 1912இல் கொடுப்பதாக முடிவு செய்தார்கள், 1915இல் கடலில் இறக்கினார்கள், 1916இல் படையில் சேர்ந்தது. எட்டுப் பெரிய பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் 15 அங்குலம். செலவு கிட்டத்தட்ட 30 லட்சம் பவுன். 1916 மே 31 அன்று, முதல் உலகப் போரின் ஜட்லண்ட் கடற்போரில், வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பட்டை போட்ட நம் மாநிலங்களின் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு சண்டை போட்டது. அடி வாங்கியது, 65 பேர் செத்தார்கள். 1948இல் உடைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த 30 லட்சம் பவுன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அந்த அரசாங்கத்தின் வருமானம் வெள்ளீயம், ரப்பர், ரயில், அபின் வரி என்று இந்த மண்ணிலிருந்தும் இங்கே உழைத்தவர்களின் கையிலிருந்தும் எடுத்தது. 1912 என்றால் கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்த காலம். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நெற்றியில் விளக்குக் கட்டி மரம் சீவிய பாட்டன் பூட்டன்களின் வேர்வை அந்த இரும்பில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தக் கப்பலின் படங்களில் அவர்கள் யாரும் இல்லை. இருக்க முடியாதுதான், அது வட கடலில் அல்லவா நிற்கிறது. ஆனால் நம் பிள்ளை வரையும்போது வைக்கலாமே. போன வருடம் ஒரு பையன் தாளின் மேல்பாதியில் அந்தக் கப்பலை வரைந்து, கீழ்ப்பாதியில் கடலுக்குப் பதிலாக வெள்ளையாக ரப்பர் பால் வாளிகளை வரிசையாக வைத்து அதன்மேல் கப்பலை மிதக்க விட்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கதையை மட்டும்தான் சொன்னேன்.

மூழ்கிய கப்பலையும் தோற்ற கொடியையும் வரையலாமா? போட்டிக்கு அபசகுனமாக இருக்காதா?

தாராளமாக வரையலாம். 1941 டிசம்பர் 10, குவாந்தானுக்கு அப்பால் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் சில மணி நேரத்தில் மூழ்கடித்தன. எட்டு நாளைக்கு முன்னால்தான் சிங்கப்பூருக்கு வந்து, இனி பயமில்லை என்று எல்லாருக்கும் தைரியம் கொடுத்த கப்பல்கள் அவை. 800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைய நடந்து போகும் புகைப்படத்தில், கூடப் போகிறவர்களில் ஒருவர் கையில் பிரிட்டிஷ் கொடி, இன்னொருவர் கையில் வெள்ளைக் கொடி. அதே படம் ஜப்பானில் வெற்றிப் படமாகச் சுற்றியது.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஜப்பானியர்கள் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். கப்பல் மூழ்கியது குவாந்தானில், அடுப்பு அணைந்தது லயத்தில். அந்தக் கப்பலை வரைய நமக்கு முழு உரிமை உண்டு.

சோழர் கப்பலும் புலிக்கொடியும் வரைந்தால்?

வரையலாம், ஆனால் இணையத்தில் கிடைப்பதை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். சோழர் கப்பல் என்று ஒரு பிள்ளை கொண்டுவந்த படத்தில் பக்கவாட்டில் மிதவைக் கட்டைகள் இருந்தன. பார்த்தால் அது ஜாவாவில் போரோபுதூர் கோயில் சுவரில் செதுக்கிய கப்பல், ராஜேந்திரனுக்கு இருநூறு வருடம் முந்தியது, அதைக் கட்டியவர்களும் அந்தப் பக்கத்து மக்கள். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்ததை அவன் மெய்க்கீர்த்தி 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று சொல்கிறது. கலம் எப்படி இருந்தது என்று அது சொல்லவில்லை.

கொடிக்குத் துணை சோழர் செப்பேட்டு முத்திரை. உட்கார்ந்திருக்கும் புலி, பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில், மேலே குடை, கவரி. பாண்டியனையும் சேரனையும் வென்றதைத் தன் சின்னத்துக்குள்ளேயே அடைத்துக்கொண்ட முத்திரை. அந்தப் புலியைப் பார்த்து வரையுங்கள், இணையத்தில் உறுமும் புலியைவிட இது அழகு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடாரம் என்பது நம் கெடாதான். அன்று கரையில் நின்று அந்தக் கலங்கள் வருவதைப் பார்த்தவர்களும் இந்த நாட்டு மக்கள்தான். மலேசியப் பிள்ளை வரையும் படத்தில் கப்பல் மட்டும் இருந்தால் பாதிதான் இருக்கிறது, கரையையும் வரையச் சொல்லுங்கள்.

லூமுட்டுக்குப் போய்ப் பார்த்து வரைந்தால் நல்லதா?

நல்லது. தளத்துக்குள் புகைப்படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் உட்கார்ந்து பென்சிலில் வெளிக்கோடு மட்டும் எடுத்து வந்தாலே போதும்.

என் மகள் கப்பலும் வேண்டாம் கொடியும் வேண்டாம், பாட்டியை வரைகிறேன் என்கிறாள். பரிசு கிடைக்குமா?

பரிசு என் கையில் இல்லை, அம்மா. ஆனால் பிரெஞ்சு ஓவியர் டெலாக்ரவா 1830இல் வரைந்த புரட்சி ஓவியத்தைக் காட்டுங்கள், பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் வெறுங்காலோடு நடக்கும் ஒரு பெண், பக்கத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு சிறுவன், தொப்பி போட்ட ஒருவன், காலடியில் இறந்தவர்கள். கொடி உச்சியில் இருந்தாலும் கண் அவர்களிடம்தான் போகிறது. அரசாங்கம் அதை வாங்கிவிட்டு, பார்த்தால் மக்கள் கிளர்ந்துவிடுவார்கள் என்று பயந்து கொஞ்ச காலம் உள்ளே வைத்துவிட்டது.

உங்கள் மகள் என்னிடம் காட்டிய பென்சில் படத்தில் பாட்டி வாசல் படியில் உட்கார்ந்து, போன வருடக் கொடியின் ஓரம் பிரிந்ததை ஊசியால் தைத்துக்கொண்டிருக்கிறார். ஊசியைப் பிடித்த கட்டைவிரலில் மரம் சீவிய உளிக்காய்ப்பு கூட இருக்கிறது. கொடி வேண்டாம் என்றவள்தான் அதை மடியில் வைத்திருக்கிறாள். அப்படியே விடுங்கள், திருத்த வேண்டாம்.

எந்தச் சிவப்பு வாங்க வேண்டும்?

போஸ்டர் கலரில் ஆரஞ்சு கலக்காத சிவப்பு. இரண்டு தடவை அடிக்க வேண்டும், முதல் தடவை நன்றாகக் காய்ந்த பிறகு. வெள்ளைக் கோட்டுக்கு வண்ணமே வேண்டாம், தாளை அப்படியே விடுங்கள். சிவப்பு ஈரமாக இருக்கும்போது பக்கத்தில் கை வைத்தால் வெள்ளையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் மேலிருந்து கீழே வாருங்கள், கைக்கு அடியில் ஒரு பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள்.